ஒரு மூக்கைத் தவிர அனைவரும் நலம்

அன்புள்ள தம்பிக்கு உன் அக்கா எழுதிக்கொண்டது. இங்கே ஒரு மூக்கைத் தவிர மற்ற அனைவரும் நலம். அங்கே நீயும், உன் மனைவியும், சின்னவளும், உங்கள் டாக்டரும் உள்ள உறுப்புகள் அத்தனையோடும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். பிரித்ததும், கோழியை மையில் நனைத்துக் காகிதத்தில் ஓட விட்டது யார் என்று கேட்பாய். கேட்டுக்கொள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு இந்த அளவு வருவதே பெரிது. போனில் பேச வழியில்லை. வீட்டில் இருக்கிற ஒரே போன் உன் அத்தான் சட்டைப் பையில் இருக்கிறது, அந்தச் சட்டைக்குள் அவரும் இருக்கிறார். அப்படியே நான் எடுத்துப் பேசினாலும் நீ அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் காது கொடுப்பாய். போன தடவை என் மூட்டு வலியை உங்கள் கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த இருபது பேரும் கேட்டு, அதில் ஒரு அம்மா எனக்குத் தைலத்தின் பெயர் வேறு சொன்னார். இப்போது சொல்லப் போவது இருபது பேர் கேட்கிற விஷயம் இல்லை. படித்துவிட்டு ஒளித்து வை. உன் மனைவியிடம் மட்டும் சொல், எப்படியும் சொல்லத்தான் போகிறாய்.

உன் அத்தான் வேலை பார்க்கிற கம்பெனி, அதான் இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கம்பியில் கரண்டும் குழாயில் கேஸும் அனுப்புகிற கம்பெனி, இனிமேல் நிலக்கரி எரிப்பதில்லை என்று முடிவு பண்ணிவிட்டது. போன மாதம் கரி யார்டில் எல்லாரையும் நிற்க வைத்து, தலைமை ஆபீசிலிருந்து வந்த ஒரு அதிகாரி திரையில் படம் போட்டுக் காட்டினாராம். ஒரு படத்தில் காற்றாலை, ஒரு படத்தில் வெயில் தகடு, ஒரு படத்தில் வரிசையாக வெள்ளைப் பெட்டிகள். அதுதான் பேட்டரியாம், பகலில் பிடித்த வெயிலை அதற்குள் அடைத்து வைப்பார்களாம், நாம் சர்க்கரையை டப்பாவில் போட்டு மூடி வைக்கிற மாதிரி. எல்லாப் படத்திலும் மூலையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே நின்றாளாம். “அந்தப் பொண்ணு எந்த செக்ஷன் சார்?” என்று கிரேன்காரர் கேட்டிருக்கிறார். அதிகாரி அடுத்த படத்துக்குத் தாவி, “அடுத்த வருஷத்தோட ரெண்டு உலையையும் அணைக்கிறோம். ஆனா யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்” என்றாராம். “அப்ப எங்கே சார் அனுப்புவீங்க?” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அதற்கான பதிலை மறுநாள் கேன்டீன் சுவரில் ஒட்டிவிட்டார்கள்.

அந்தப் பட்டியலை உன் அத்தான் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து மேஜையில் விரித்தார். பேட்டரி வேலை என்றால் கம்ப்யூட்டரில் பரீட்சை எழுத வேண்டும். உன் அத்தானுக்குக் கம்ப்யூட்டர் என்றால் தூசி தட்டுகிற சாமான். காற்றாலை வேலை என்றால் ஆறு மணி நேரப் பயணத்தில் ஒரு மலைமேல், ஏணியில் ஏறி இறங்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் அவருடைய முழங்கால் வீட்டு ஸ்டூலில் ஏறவே மனு போடச் சொல்கிறது. கடைசியில் விருப்ப ஓய்வு. விருப்பம் யாருடையது என்று அதில் எழுதவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் உலையைப் பழுது பார்க்கிறோம் என்று ஒன்பது நாள் லீவு விட்டபோது, முதல் மூன்று நாள் என் சமையலறை டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினார், அடுத்த மூன்று நாள் அதையே அகல வரிசைப்படி அடுக்கினார், கடைசி மூன்று நாள் ஒன்றுமே பேசாமல் ஜன்னல் வழியாகப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டப்பாவைத் தேடுவது எனக்குப் பெரிய காரியம் இல்லை, அந்த உட்காருதல்தான் தாங்காது. பட்டியலில் மீதி இருந்தது ஒன்றே ஒன்று: கேஸ் குழாய்க் கசிவு பார்ப்பவர். இதே ஊர், இதே குவார்ட்டர்ஸ், கையில் ஒரு மெஷினைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து எங்கேயாவது கேஸ் கசிகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். “இருபத்தாறு வருஷமா கரி ஓடுற பெல்ட்டுக்குப் பக்கத்துல நடந்தேன். இனிமே தெருவுல நடக்கிறேன். வெயில் மட்டும்தான் புதுசு” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த நிம்மதிக்கு ஆயுள் நாலு நாள்.

ஐந்தாம் நாள் ஒரு காகிதம் வந்தது. மருத்துவச் சோதனைக்கு வர வேண்டும். கண், இதயம், முழங்கால், அதற்குக் கீழே ‘வாசனை அறியும் சோதனை’ என்று ஒரு வரி. மூன்று பாட்டில் வைப்பார்கள், ஒன்றில் மட்டும் கேஸில் கலக்கிற அந்த நாற்றம் இருக்கும், அது எது என்று மோந்து சொல்ல வேண்டும், ஐந்து முறை. கேஸுக்கு என்று சொந்தமாக வாசனையே கிடையாதாம் தம்பி, நமக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்களாம். எனக்கு இதில் ஒரு கவலையும் தோன்றவில்லை. “மூக்கு இருந்தா போதும், சும்மா வேலை தர்றாங்க” என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததில் அடுப்பை மறந்துவிட்டேன். அதில் இருந்தது கரிந்து, புகைந்து, சமையலறை முழுக்க ஒரே நெடி. எனக்குக் கண்ணில் தண்ணீர். உன் அத்தான் அடுப்புக்கு இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு காகிதத்தைப் பார்த்தபடியே, “சாப்பாடு ரெடியா?” என்கிறார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக அடுப்பைத் திரும்பிப் பார்த்து, புகையைக் கண்ணால் கண்டுபிடித்து, “அடடா, என்ன நெடி” என்றார். தம்பி, கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் நான் எத்தனை தடவை அடிப்பிடிக்க விட்டிருப்பேன், என் தலைமுடியை எண்ணினாலும் அதை எண்ண முடியாது. ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, அந்த மனுஷன் முகம் சுளித்ததில்லை. எங்கள் தெருவில் எல்லாப் பெண்களிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன், என் வீட்டுக்காரருக்குத் தங்கமான குணம் என்று. அது குணம் இல்லையடா, மூக்கு!

“எப்பங்க போச்சு?” என்றேன்.

“தெரியல. ஒரு நாள் பார்த்தா இல்ல.”

“செருப்பாங்க அது, கழட்டி விட்ட இடத்துல காணோம்னு சொல்றதுக்கு? முகத்துலதானே இருக்கு!”

“கரித்தூள்தான். கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கும். பத்து வருஷம் இருக்கலாம். சத்தம் போடாதே, மாடியில கேட்கும்.”

மாடியில் கேட்டால் மறுநாள் யார்டில் கேட்கும், கேட்டால்தான் என்ன என்று நீ நினைப்பாய். அவருடைய வேலை உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். நிலக்கரி சும்மா குவிந்து கிடந்தாலே உள்ளே தானாகச் சூடேறுமாம். வெளியே பார்த்தால் சாதுவாக இருக்கும், உள்ளே புகைந்துகொண்டே இருக்கும், நம் சித்தப்பா மாதிரி. மற்றவர்கள் குவியல் பக்கம் போய் மூக்கை இழுத்துப் பார்த்து, ஏதோ வாடை வருகிறது என்பார்கள். உன் அத்தான் மூக்கை நம்ப மாட்டார். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி வைத்திருக்கிறார். அதைக் குவியலுக்குள் ஆழமாகச் செருகி, நின்று நூறு எண்ணி, உருவி, புறங்கையை வைத்துப் பார்ப்பார். “இங்க வெட்டு” என்பார். வெட்டினால் உள்ளே கங்கு சிவந்திருக்கும். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் குவியல் ஒரு தடவைகூடத் தீப்பிடித்ததில்லை. யார்டில் அவருக்குக் கம்பிக்காரர் என்றே பெயர். புதிதாக வருகிறவர்களை அவரிடம்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு மூக்கே இல்லை என்று தெரிந்தால், ‘இவனை நம்பியா மலை மாதிரி கரியை ஒப்படைச்சோம்’ என்று கேட்க மாட்டார்களா என்பதுதான் அவருடைய வேதனை. “நீ ஒருத்தி சிரிச்சா போதும், யார்டே சிரிக்க வேண்டாம்” என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரி, சோதனைக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது, பழக்கினால் வராதது என்ன இருக்கிறது என்று பயிற்சியில் இறங்கினேன். அங்கேதான் சனியன் பிடித்தது.

மூன்று பாட்டில் எடுத்தேன். ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உடைத்து ஊற்றி மூடி வைத்த முட்டை. தினமும் காலையில் அவர் டியூட்டிக்குக் கிளம்பும் முன் மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து மூக்குக்கு நேராக நீட்டுவேன். முதல் நாள் பத்துக்குப் பத்து! இரண்டாம் நாளும் பத்துக்குப் பத்து! நான் கையைத் தட்டினேன், மூக்கு திரும்பி வந்துவிட்டது என்று மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் எனக்கு ஏதோ சந்தேகம். வெறும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, முகத்தைக் கோணிக்கொண்டு, குமட்டுகிற மாதிரி நீட்டினேன். “முட்டை!” என்றார், தேர்வில் முதல் மாணவன் மாதிரி. மனுஷன் பாட்டிலை மோந்து பார்க்கவே இல்லை தம்பி, என் முகத்தைப் படித்திருக்கிறார்! “வேற என்ன பண்ணச் சொல்ற? இத்தனை வருஷமா வீட்டுல எது கரியுது, எது கெட்டுப்போச்சு, எல்லாம் உன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன்” என்றார். அதைக் கேட்டு நான் கோபப்படுவதா, கண் கலங்குவதா? இரண்டையும் செய்யாமல், அப்படியானால் மூக்கு எதற்கு, முகம் படிக்கத் தெரிந்தால் போதுமே என்று ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். சோதனை எடுக்கிறவரும் மனிதர்தானே, நாறுகிற பாட்டிலைத் திறந்தால் முகத்தில் ஒரு சின்ன அசைவாவது வராதா? அன்றிலிருந்து பயிற்சியை மாற்றினேன். மூக்கு லேசாக விடைப்பது, புருவம் ஒரு நூல் ஏறுவது, உதடு ஒட்டுவது என்று என் முகத்தை வைத்தே பாடம் நடத்தினேன். உன் அத்தானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கவனமாகப் படித்தார். அதற்குள் முட்டைக்கு ஒன்பது நாள் வயதாகிவிட்டது.

ஒன்பதாம் நாள் காலை அந்த பாட்டிலின் மூடி தானாகவே கழன்றிருக்கிறது. நான் கடைக்குப் போயிருந்தேன். மாடி வீட்டுப் பெரியவர், உனக்குத் தெரியுமே, தண்ணீர் சொட்டினாலும் புகார், சொட்டாவிட்டாலும் புகார் என்று இருப்பாரே, யார்டில் வேலை பார்க்கிற மகனோடு குடியிருக்கிற அந்த ரிட்டயர்டு தபால்காரர், அவர் படியிறங்கும்போது நாற்றம் வந்து, கேஸ் பில்லின் பின்பக்கம் அச்சடித்திருக்கிற எண்ணுக்குப் போன் போட்டுவிட்டார். நான் திரும்பி வந்து பார்த்தால் குவார்ட்டர்ஸில் இருக்கிற பன்னிரண்டு குடும்பமும் தெருவில் நிற்கிறது. மஞ்சள் வண்டி வந்து நிற்கிறது. மெயின் வால்வை மூடியாகிவிட்டது. எல்லாரும் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, உன் அத்தான் மட்டும் ரோஜாத் தோட்டத்தில் நிற்கிற மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் தூரத்திலிருந்து என் மூக்கைக் காட்டிக் காட்டி ஜாடை செய்ததும் புரிந்துகொண்டு, சட்டென்று அவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விட வேண்டாமா? காற்று திரும்பி, நாற்றம் போய், எல்லாரும் கையை எடுத்த பிறகும் அவர் மட்டும் பிடித்தபடியே நிற்கிறார்.

வண்டியிலிருந்து இறங்கியது ஒரு மேடம். கேஸ் செக்ஷனில் கசிவு பார்ப்பவர்களுக்கெல்லாம் தலைவி. ‘மோப்ப மேடம்’ என்று யார்டு வரைக்கும் பெயர் பரவியிருக்கிறது. சோதனை எடுக்கப் போவதும் அவர்தான். அவருடைய மெஷினில் எதுவும் காட்டவில்லை. மெஷினை மூடி ஆளிடம் கொடுத்துவிட்டு, படியேறி, நேராக எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, சமையலறைக்குப் போய், டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டு, பாட்டிலை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“இது என்னம்மா?”

“முட்டை மேடம்.”

“எத்தனை நாளு?”

“ஒன்பது.”

“எதுக்கு?”

“செடிக்கு உரம் மேடம்.”

“செடி எங்க?”

“இனிமேதான் வாங்கணும்.”

அந்த பாட்டிலை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் கேட்டார் தம்பி. வாசலில் நின்ற பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடிவிட்டார். நானே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். மேடத்தின் முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை. பதினெட்டு வருஷ சர்வீஸாம். கருங்கல்லில் கண்ணும் மூக்கும் வரைந்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு முகம். நான் அவரைப் பார்க்கவில்லை, பின்னால் நின்ற உன் அத்தானைப் பார்த்தேன். அவர் அந்த முகத்தைக் கூர்ந்து படித்துப் பார்த்துவிட்டு, இதில் எழுத்தே இல்லையே என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். போகும்போது மேடம் அவர் முன்னால் நின்று, “உங்களுக்கு இன்னுமா நாறுது?” என்று கேட்டார். அப்போதுதான் மூக்கிலிருந்து கையை எடுத்து, “லேசா” என்றார் உன் அத்தான். மேடம் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று நினைத்து நினைத்து எனக்கு அன்றைக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

மூக்கைத் திறக்க ஏதாவது மருந்து உண்டா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு அனுப்பச் சொல்லத்தான் முந்தாநாள் காலையில் உனக்கு எழுத உட்கார இருந்தேன். இப்போது மருந்து வேண்டாம். முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

பாலை அடுப்பில் வைத்துவிட்டு, துவைத்த துணியைக் காயப் போட வாளியோடு மொட்டைமாடிக்குப் போனேன். அவருக்கு அன்று மத்தியான ஷிப்ட். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கேஸ் செக்ஷனில் கொடுத்த விதிப் புத்தகத்தை வாய்விட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். மாடிக் கதவு பூட்டியிருந்தது, சாவி எடுக்கத் திரும்பி வந்தேன். அந்தச் சாவி மட்டும் இடுப்பில் இருந்திருந்தால் நான் மேலே பன்னிரண்டு துணியையும் உதறி உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்திருப்பேன். வாசலில் கால் வைத்ததும் முகத்தில் அறைந்த மாதிரி கேஸ் நாற்றம். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருக்கிறது, கேஸ் மட்டும் அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. உன் அத்தான், “விதி நாலு: கேஸ் வாசனை வந்தால் தீக்குச்சி, லைட்டர், சுவிட்ச் எதையும் தொடக் கூடாது” என்று சத்தமாகப் படித்து முடித்து, புத்தகத்தை மூடி, அடுப்பு அணைந்திருப்பதைக் கண்ணால் பார்த்து, “அடடா, பால் வழிஞ்சிடுச்சே” என்று எழுந்து, லைட்டரை எடுத்துவிட்டார்.

கத்த நேரம் இல்லை. வாளியில் இருந்த ஈரப் போர்வையை அப்படியே சுருட்டி அவர்மேல் வீசினேன். தலையோடு மூடி, லைட்டர் கீழே விழுந்து உருண்டது. நான் பாய்ந்து குழாயைத் திருகி மூடி, ஜன்னல் இரண்டையும் கதவையும் திறந்து, அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். போர்வைக்குள்ளிருந்து சிரிக்கிறார் தம்பி! “என்னடி விளையாட்டு இது, காலங்காத்தால?” என்கிறார். நான் விளையாடுகிறேனாம். இருபத்தைந்து வருஷமாக உப்பு டப்பாவில் சர்க்கரை, செருப்புக்குள் கல், தூங்கும்போது மீசையில் பவுடர் என்று செய்து வைத்திருக்கிறேனே, அதன் பலனை அன்றைக்கு அனுபவித்தேன். படியில் உட்கார்ந்துவிட்டேன். “கேஸுங்க” என்றேன். அவர் சிரிப்பு மெதுவாக நின்றது. திரும்பிச் சமையலறையைப் பார்த்தார். காற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை அவருக்கு.

அன்று சாயங்காலம் சொல்லிப் பார்த்தேன். “சோதனைக்குப் போகாதீங்க. போய் உண்மையைச் சொல்லிடுங்க” என்றேன். “பாஸ் பண்ணிட்டா மெஷின் தருவாங்க. மெஷின் மோந்துக்கும்” என்கிறார். “மெஷின் கெட்டுப்போனா?” என்றேன். “அதான் நான் இருக்கேன்ல” என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மறுபடி ஆரம்பித்ததும், “சும்மா பயமுறுத்தாதே, உனக்கு எல்லாம் கேலி” என்று எழுந்து போய்விட்டார். எனக்கு இப்போது கண்ணை மூடினால் ஒரு தெருதான் தெரிகிறது. அந்தத் தெருவில் உன் அத்தான் கெட்டுப்போன மெஷினைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நடந்து போகிறார். வீடுகளுக்குள் யார் யாரோ சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள், பிள்ளைகளுக்குத் தலை சீவுகிறார்கள். “ஒண்ணும் இல்ல” என்று எழுதிக்கொடுத்துவிட்டு அவர் அடுத்த தெருவுக்குத் திரும்புகிறார். இவ்வளவு நாளும் அவர் தேறாமல் போய்விடுவாரோ என்று பயந்தேன். இப்போது தேறிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

அதனால்தான் உன்னிடம் வருகிறேன். நான் சொன்னால் விளையாட்டு என்பார். நீ சொன்னால் கேட்பார். காது மூக்கு தொண்டை டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கூப்பிட்டுக் கதவைத் திறந்து விடுகிறவன் நீ என்று எனக்குத் தெரியும், ஆனால் உன் அத்தானுக்கு நீதான் பாதி டாக்டர். போன தடவை நீ சொன்னாய் என்று மூன்று மாதம் காதைக் குடையாமல் இருந்தாரே! இந்தக் கடிதம் கண்டதும் அவர் பெயருக்கு ஒரு கடிதம் எழுது. மிரட்டி எழுது. மூக்கு இல்லாதவர் கேஸ் வேலைக்குப் போகவே கூடாது, உடனே போய் அந்த மேடத்திடம் சொல்லிவிடுங்கள் என்று எழுது. நான் சொன்னதாக மட்டும் எழுதாதே. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார், அதற்கு ஏதாவது சொல். கனவு கண்டதாகச் சொல். வேண்டாம், நம்ப மாட்டார். போன தடவை வந்தபோது மூக்கைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல், அதை நம்புவார். இன்றைக்குச் செவ்வாய். சோதனை வருகிற திங்கள். கடிதம் வந்து போக நாலு நாள் என்றால் சனிக்கிழமைக்குள் அவர் கையில் இருக்க வேண்டும். தானாகப் போய்ச் சொல்லுகிற ஆள் அவர் இல்லை தம்பி. கம்பிக்காரர் என்கிற பெயரை விட மாட்டார். யார்டில் மற்றவர்களெல்லாம் மூக்கும் முழியுமாக இருக்கிறார்கள், இவர் ஒருவருக்குத்தான் இந்தக் குறை, அதை எப்படிச் சோதனைக்கு வருகிற பத்தொன்பது பேர் நடுவில் ஒப்புக்கொள்வார்? வேலை போனால் போகட்டும். டப்பாக்களை எப்படி வேண்டுமானாலும் அடுக்கட்டும், நான் தேடிக்கொள்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. சின்னவளுக்குக் கன்னத்தில் ஒன்று, காதைத் திருகி ஒன்று. உங்கள் டாக்டருக்கு என் வணக்கம். நீ நோயாளிகள்மேல் எரிந்து விழாமல், கேட்கிற காதும் வாசனை தெரிகிற மூக்குமாக நூறு வயது இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு, இந்த ஒரு தடவை கேலி செய்யாத
உன் அக்கா

பின்குறிப்பு: தம்பி, மேலே எழுதியிருக்கிறதையெல்லாம் அடித்துவிடு. வீட்டில் ஸ்டாம்ப் இல்லாமல் கடிதம் பருப்பு டப்பாவுக்குள்ளேயே கிடந்துவிட்டது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கள் என்று சொன்ன சோதனையை இன்று காலையே வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரியவே தெரியாது, உன் அத்தான் சாதாரணமாகத்தான் கிளம்பிப் போனார். கிரேன்காரர் வந்து சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது.

பத்தொன்பது பேரும் தாழ்வாரத்தில் வரிசையாக நிற்க, சர்வீஸ் கணக்கில் உன் அத்தானைத்தான் முதலில் கூப்பிட்டார்களாம். மேடம் மூன்று பாட்டிலை வைத்திருக்கிறார். இவர் மூன்றையும் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, “இதுல எதுவும் எனக்குத் தெரியாது மேடம். பத்து வருஷமாவே தெரியாது. ஞாயித்துக்கிழமை வீட்டுல கேஸ் நிரம்பி நின்னப்பகூடத் தெரியல. என் பொண்டாட்டி போர்வையைத் தூக்கிப் போட்டா. எப்பவும் சிரிக்கிறவ, அன்னிக்கு அவ முகத்துல சிரிப்பு இல்ல. அந்த முகத்தை வேற எந்த வீட்டுலயும் யாரும் பார்க்க வேண்டாம்” என்றாராம். யார்டில் பெல்ட் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டையில்லையா, தாழ்வாரம் முழுக்கக் கேட்டிருக்கிறது. அப்புறம் வரிசையிலிருந்து கிரேன்காரர், “எனக்கும் இல்ல மேடம்” என்றிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒருவர், “எனக்கு மழை நாள்ல மட்டும் லேசா தெரியும்” என்றிருக்கிறார். எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது பேரில் பதினாலு பேருக்கு மூக்கு இல்லை! ஒருவர் வீட்டில் வெங்காயம் வைத்துப் பயிற்சியாம், ஒருவர் பாட்டில் மூடியின் நிறத்தை, ஏற்கெனவே சோதனை முடிந்த வேறு ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தாராம், இன்னொருவர் வீட்டு முட்டைக்குப் பன்னிரண்டு நாள் வயதாம். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் குறை என்று மற்ற பதின்மூன்று பேருக்கும் பயந்து பத்து வருஷமாக மூக்கை இழுத்து இழுத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த மேடம் பாட்டிலை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாராம். கிரேன்காரர் சத்தியம் பண்ணுகிறார், அந்த முகத்தில் அப்போது நிஜமாகவே ஏதோ அசைந்ததாம். “உங்க ஒருத்தரையும் தெருவுக்கு அனுப்ப மாட்டேன். வீட்டுக்கும் அனுப்ப விட மாட்டேன். மேல பேசுறேன்” என்றிருக்கிறார். கரிக்குவியல் தீர இன்னும் பதினாலு மாதம் ஆகுமாம், தீரும் வரை அதற்குக் கம்பிக்காரர் வேண்டும் என்று கையோடு எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. அதை நினைத்துக் கவலைப்பட ராத்திரியில் ஒரு பாதியை ஒதுக்கி வைத்திருக்கிறேன், மறு பாதியில் தூங்குகிறேன்.

அதனால் நீ அவருக்கு ஒரு வரியும் எழுதாதே. நான் பயந்துபோய் இவ்வளவு பக்கம் எழுதினேன் என்று தெரிந்தால் இந்த வீட்டில் எனக்கு மரியாதை போய்விடும். படித்ததும் கிழித்துப் போடு. அவர்தான் ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று வாசலில் நிற்கிறார். “என்ன இவ்வளவு கனமா இருக்கு, அப்படி என்ன எழுதியிருக்க?” என்று கேட்கிறார். “உங்களைக் கேலி பண்ணித்தாங்க, எட்டுப் பக்கம்” என்றேன்.

“எட்டுதானா?” என்கிறார்.